மங்கையின் கடைவாய்ப் பல்

நெட்டுக்குப்பத்தில் மீன் ஏலம் விடுவது மங்கைதான். ஐந்து மாத வயிற்றோடு தெரு முனை வரை கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தவள், அந்த வாரம் வாயையே திறக்கவில்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. அவளுக்குப் பதிலாக ஏலம் விட்ட புருஷன் வெற்றி, விலை கூடின வஞ்சிர மீனை மலிவான சங்கரா மீன் விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

மாமியார் பூவம்மா பல்லில் கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை. மாசமாக இருக்கும்போது பல்லில் கை வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் கட்சி. மூன்று பிள்ளை பெற்றதில் அவளுக்கே மூன்று பல் போயிருந்தது. அதற்காக யாரும் டாக்டரிடம் ஓடவில்லை.

கஞ்சிகூட இறங்காத நிலையில் மாதச் செக்கப் வந்தது. சுகாதார நிலையத்தில் எடை பார்த்த நர்ஸ் சாபிரா, போன மாதத்தைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு மங்கையின் கன்னத்தை நிமிர்ந்து பார்த்தாள். பல் டாக்டர் மாடியில் இருக்கிறார், இப்போதே போ என்றாள். கூட வந்திருந்த பூவம்மா மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மே. புள்ளைக்கு எதுனா ஆயிட்சின்னா இன்னா பண்றது?"

"பட்டினி கெடந்தா மட்டும் புள்ள நல்லா இருக்குமா அத்தே? எனக்குப் பசிக்குது."

பிடித்த கையை விடாமல் பூவம்மாவும் மாடி ஏறினாள்.

டாக்டர் ஜானட் வயதில் சின்னவர். பல் வைத்தியத்துக்கு இந்த மாதங்கள்தான் தோது, மரத்துப்போகிற ஊசி பிள்ளையை ஒன்றும் செய்யாது, சீழை விட்டுவைப்பதுதான் ஆபத்து என்று பூவம்மாவைப் பார்த்தே சொன்னார். மங்கையை மல்லாக்கப் படுக்கவிடாமல் இடப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தார். ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டது பூவம்மாதான். திறந்தபோது பல் தட்டில் கிடந்தது.

மங்கை பஞ்சைக் கடித்தபடி எழுந்தாள். பூவம்மா எழவில்லை. தன் பொக்கை ஈறைத் தொட்டுக் காட்டி, இங்கே பல் கட்ட முடியுமா என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். மங்கைக்குச் சிரிப்பு வந்தது; வாய் மரத்திருந்ததால் பாதிச் சிரிப்புத்தான் வெளியே வந்தது.

அடுத்த செக்கப்புக்குப் பூவம்மா பக்கத்து வீட்டு ரேகாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ரேகாவும் மாசமாக இருந்தாள். பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதாம். வரும் வழியெல்லாம் மரத்துப்போகிற ஊசியைப் பற்றி, தானே போட்டுக்கொண்டவள் மாதிரி பூவம்மா பேசிக்கொண்டே வந்தாள்.