குற்றாலீஸ்வரன் திட்டிய புத்தகங்கள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வசவு. வாங்கியது என் நாவல். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் தொடங்குகிறேன். போகப் போகச் சரியாகிவிடும்.

போன சீசனில் ஒருநாள் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் பந்தோபஸ்தில் இருந்த தலைமைக் காவலர் உமாராணி, விரட்ட ஆளில்லாமல், நாற்காலி போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். கையில் என் நாவல். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தில் போய், நான்தான் எழுதியது என்றேன்.

"நீங்கதானா அண்ணாச்சி! எங்க வீட்டுக்காரரு இந்தப் புஸ்தகத்த ஒரு வாரமா கரிச்சுக் கொட்டுதாரு. அதான் எடுத்தேன். அருமையா இருக்கு."

நான் சிரித்தேனா, முறைத்தேனா என்று நினைவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "சாரல் மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. உமாராணி தூரத்து மலையைப் பார்த்தபடி..."

[விட்டுவிட்டேன். தென்காசிக்காரன் சாரலில் கதையைத் தொடங்கினால் ஊரே சிரிக்கும். தவிர, சீசன் நேரத்தில் உமாராணிக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்? பார்ப்பதெல்லாம் அருவிக்கு ஷாம்பு பாக்கெட்டை ஒளித்துக் கொண்டுவருகிறவர்களைத்தான்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீடு இலஞ்சியில். கணவர் குற்றாலீஸ்வரனுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். காலை ஏலம் முடிந்துவிட்டால் மத்தியானம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான், அப்போது வாசிப்பார். தென்காசி நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவதும் அவர்தான், முதலில் வாசிப்பதும் அவர்தான். (வாசிப்பது என்றால், சண்டை போடுவது.) மிச்சச் சண்டையை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

"ஏட்டி உமா, இந்தக் கூத்தக் கேளு. ஒருத்தி சன்னல் பக்கத்துல உக்காந்து நாப்பது பக்கமா யோசிக்கா. கதவத் தொறந்து வெளிய போய்த் தொலைய வேண்டியதுதான?"

அந்தப் புத்தகம் மறுநாளே உமாராணியின் பையில் ஏறிவிடும். அவர் "கீழ வைக்க முடியல, வாசி" என்று நீட்டியதை அவளால் பத்துப் பக்கம் தாண்ட முடியாது. (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. தலைமைக் காவலர் மன்னிக்க.) பத்திரிகை மதிப்புரைகளை நம்பிக் கெட்டிருக்கிறாள். போனில் வரும் பரிந்துரைகளை நம்பியும் கெட்டிருக்கிறாள். கணவரின் வசவு மட்டும் ஒருதடவைகூட அவளைக் கைவிட்டதில்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நமக்குப் பிடித்த புத்தகம் கிடைக்க, நம்மைப் போன்ற ரசனை உள்ளவரைத் தேடச் சொல்கிறார்கள். நானும் மேடைகளில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் பேசமாட்டேன்.

3

உமாராணியோடு வேலை பார்க்கும் பாஹிமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எப்படிக்கா எடுக்கதெல்லாம் நல்ல புஸ்தகமாவே எடுக்கீங்க?"

"அது ஒரு வித்தையுமில்ல. எங்க அத்தான் எதத் திட்டுதாரோ, அத எடுத்துருவேன்."

குற்றாலீஸ்வரன் கத்தரிக்காய்ப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். பாஹிமா போன பிறகு கேட்டார்: "அப்போ இத்தன வருசத்துல எனக்குப் பிடிச்சது ஒண்ணுகூட ஒனக்குப் பிடிக்கலையா?"

"ஒண்ணு ரெண்டு பிடிச்சிருக்கு அத்தான்."

எது என்று அவர் கேட்கவில்லை.

[இந்த இடத்தில் அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டதாக எழுதினேன். பொய். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.]

அன்றோடு திட்டுவது நின்றது. எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் ஒரே பதில்: "நல்லாத்தான் இருக்கு."

இந்த சீசனில் நான் மறுபடி பார்த்தபோது, குளிக்கத் தடை போட்டிருந்தும் உமாராணியின் கையில் புத்தகம் இல்லை.

"எடுக்கேன், வைக்கேன். ஒண்ணும் ஓட மாட்டேங்குது. அதுகூடப் போகட்டும் அண்ணாச்சி. உள்ள நான் யூனிபார்ம இஸ்திரி போட, வெளிய அவரு கத்த, அப்படியே பழகிட்டேன். மன்னிப்பும் கேட்டுப் பாத்தாச்சு. அதுக்கும் 'நல்லாத்தான இருக்கோம்'ங்காரு. வீடு வீடா இல்ல."

சொல்லிவிட்டு, யாருமில்லாத பக்கம் பார்த்து விசில் ஊதினாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

4

நான் பாவூர்சத்திரம் போனேன். (கதாசிரியன் கதைக்குள் புகக்கூடாது என்பார்கள். பஸ் ஏறிப் போனால் தப்பில்லை.) குற்றாலீஸ்வரன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒங்க நாவல் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

அதற்கு அந்த வசவே தேவலை.

"கடைசியில மட்டும்... அவன் ஊருக்குப் போனானா, போகலையா? நூலகத்துல யாரும் பக்கத்தக் கிழிச்சிட்டாங்களோன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். முடிக்கத் தெரியலேன்னா என்னத்துக்கு..." நிறுத்திக்கொண்டார். டீயைக் குடித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மனிதர் எவ்வளவு பாடுபட்டு விழுங்குகிறார்!

5

முடிவு ஒன்று: இருவருக்கும் பிடித்த ஒரே புத்தகம் கிடைக்கிறது; தோளோடு தோள் உரச வாசிக்கிறார்கள். [அவருக்குப் பிடிக்கும். ஆகவே அவள் தொடமாட்டாள்.]

முடிவு இரண்டு: அவருக்குப் பிடித்த புத்தகத்தை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் கண்கள் [இல்லை. உமாராணி இதற்கு உடன்படமாட்டாள்.]

வாசகரே, உங்களுக்கு ஏற்ற முடிவை நீங்களே வைத்துக்கொள்ளலாம். என்னிடம் கேட்காதீர்கள். இந்தக் கதை உங்களுக்காக எழுதியதல்ல. இது வரப்போகும் பத்திரிகை தென்காசி நூலகத்துக்கும் போகும். குற்றாலீஸ்வரன் அதை எடுத்துவருவார். இந்தப் பக்கம் வரைக்கும் பொறுமையாக வந்துமிருப்பார்.

அண்ணாச்சி, வணக்கம். பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. இந்த வாக்கியத்தைக்கூட முடிக்கப்போவதில்லை. உமாராணி உள்ளறையில் இஸ்திரிதான் போட்டுக்கொண்டிருக்கிறாள், இந்த மாதிரி ஒரு கதையை எழுதியவனை அவள் காதில் விழும்படியாக நீங்கள் வாய் நிறைய