மூன்றாவது பட்டன்

மதியம் இரண்டேகாலுக்கு அந்தப் படம் மறுபடியும் வந்தது.

துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கிற தையல் கடையில், யாருடைய கால்சட்டையோ ஒன்றின் மடிப்பை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் போன் ஒருமுறை அதிர்ந்தது. குடியிருப்பு குரூப். தண்ணீர் வராது என்று போட்டிருப்பார்கள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள்.

சாலையோரம் ஒரு பைக் சரிந்து கிடந்தது. பக்கத்தில் மல்லாந்து ஒரு மனிதன். முகத்தை யாரோ பொறுப்பாக மங்கலாக்கியிருந்தார்கள். கீழே, ‘ஹெல்மெட் போடாததன் விளைவு. பகிருங்கள், ஓர் உயிராவது பிழைக்கட்டும்’ என்று இருந்தது.

வெள்ளைச் சட்டை. பட்டன்களும் வெள்ளை. மேலிருந்து மூன்றாவது மட்டும் அடர் பழுப்பு. அதைத் தைத்தது அவள்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், கணவனுடைய சட்டையில் ஒரு பட்டன் தெறித்துப்போயிருந்தது. பட்டன் டப்பாவைக் கவிழ்த்துத் தேடியது மகள். “இதைத் தைம்மா, சாக்லேட் மாதிரி இருக்கு” என்று பழுப்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். “லிஃப்டுக்கு அடியில படுத்துக் கிடக்கிறவன் சட்டையை யார் பாக்கப்போறா” என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே, ஒன்பதே கால் மணிக்கு, வட்டாரச் செய்திகள் என்று ஒரு குரூப்பில் இந்தப் படம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது ஒன்பதே முக்கால். இடையில் அரை மணி நேரம் அவள் அந்தப் பட்டனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு யாருடைய சட்டையிலாவது இப்படி ஒரு பட்டன் இருக்கக் கூடாதா என்று.

ஹெல்மெட்டை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள், வாரை அறுத்து. அது இப்போதும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

மகள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே எட்டு மாதமாகத் தன் போனிலும் கணவன் போனிலும் எத்தனை குரூப்பிலிருந்து அவள் வெளியே வந்திருக்கிறாள்! ஆனால் குடியிருப்பு குரூப்பில் கணவனுடைய எண் இன்னும் இருந்தது. துக்கத்துக்கு வந்த செயலாளர், “எடுத்துடட்டுமாம்மா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “இருக்கட்டும் சார்” என்று சொன்னது அவள்தான். அவனுடைய போனைத் தினமும் சார்ஜில் போட்டு வைப்பது மகள். நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வந்ததும் முதல் வேலையாக அதைத் திறப்பாள். அப்பா அம்மாவுக்கு அனுப்பிய குரல்பதிவுகள் அதில் நாற்பத்தேழு இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

இப்போது மணி இரண்டு இருபது.

படத்தைப் போட்டிருந்தவர் அந்தச் செயலாளர்தான். கணவன் அவருக்கு வைத்த பெயர் குட்மார்னிங் சார். விடிந்ததும் ஒரு பூப்படம் போடாமல் பல் விளக்க மாட்டார். அழைத்தாள். எடுக்கவில்லை. மத்தியானத் தூக்கத்துக்காகப் போனை ஊமையாக்கி வைப்பது அவர் வழக்கம்.

“அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்.”

கடைக்கார அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?”

“இல்லக்கா. இனிமே ஏதாவது ஆயிடக் கூடாது.”

“போ, போ. அந்தப் பேன்ட் ஒண்ணும் ஓடிப்போகாது.”

பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. அதற்குள் படத்தின் கீழே ஒன்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். நாலாம் மாடிக்காரர், ‘நல்ல விழிப்புணர்வு, என் அலுவலக குரூப்பிலும் போட்டுவிட்டேன்’ என்று எழுதியிருந்தார்.

செயலாளரின் வீடு தரைத்தளத்தில். மணியடித்தாள். கதவைத் திறந்த அவர் மனைவி, “தூங்குறாரேம்மா” என்றாள்.

“எழுப்புங்கம்மா. தயவுசெஞ்சு.”

அவர் பனியனை இழுத்துவிட்டபடி வந்தார். “என்னம்மா, மறுபடியும் மோட்டார் ஓடலையா? காலையிலதான ஆளைக் கூட்டிட்டு வந்து...”

“மோட்டார் இல்ல சார். இன்னிக்கு நீங்க குரூப்ல போட்ட படம். அதை எடுத்துடுங்க.”

“எதை? ஹெல்மெட் படமா?” அவர் முகம் சுருங்கியது. “நல்லதுக்குத்தானம்மா போட்டேன். வயசுப் பசங்க வெறுந்தலையோட பறக்குறானுங்க. உங்களுக்கு அதைப் பாத்தா வீட்டுக்காரர் ஞாபகம் வரும், எனக்கே தோணியிருக்கணும், மன்னிச்சுக்கங்க. ஆனா அது யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது? அதான் முகத்தை மறைச்சிருக்கேம்மா.”

அதே வார்த்தைகளை இதற்கு முன் எழுதிய கை ஒன்று அவளுக்குத் தெரியும். ‘அதான் முகத்தை மறைச்சிருக்கே.’ அது அவளுடைய கை.

“சார்” என்றாள். “மூணாவது பட்டனைப் பாருங்க. அது நான் தைச்சது.”

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விலக்கினார். மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு கழற்றிப் போடுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நம்ம பில்டிங் லிஃப்டுல நான் மாட்டிக்கிட்டப்போ என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துவிட்ட பையன்” என்றார். “அவனையா நான்...”

“அவர் ஹெல்மெட் போட்டிருந்தார் சார். படத்துக்கு வெளியில விழுந்திருக்கு. பொண்ணு நாலு மணிக்கு வந்துடுவா. அவ அப்பா போனைத் திறந்து பாப்பா.”

எல்லோருக்குமாக நீக்கும் இடத்தை அவர் மனைவிதான் தேடிக் கொடுத்தாள். படம் போய், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நின்றது. நாலாம் மாடிக்காரரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். சொல்லும்போதே எண்ணைத் தேடத் தொடங்கியிருந்தார்.

மூன்று முப்பத்தைந்துக்கு அவள் மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு வந்தாள். கணவனுடைய போனின் படத்தொகுப்பில் அது தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அழித்தாள். இனி எந்தப் படமும் தானாக இறங்காதபடி மாற்றி வைத்தாள்.

பிறகு தன் போனை எடுத்து, குடியிருப்பு குரூப்பில் பின்னோக்கிப் போனாள். பூக்கள், பூக்கள், தண்ணீர் லாரி, பூக்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நின்றாள்.

மரக்கிளை முறிந்து விழுந்து இறந்துபோன ஒரு பெண். முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. அதை அனுப்பியது இவளேதான். ‘ஐயோ பாவம்’ என்று எழுதி மூன்று அழுகை முகம் போட்டிருந்தாள். அன்றைக்கு அவள் பார்க்காத ஒன்றை இன்றைக்குப் பார்த்தாள். பெண்ணின் கைக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குடை. கம்பியிலிருந்து பிய்ந்துவந்த துணியைச் சிவப்பு நூலால் யாரோ தைத்திருந்தார்கள். நீளமும் குட்டையுமாகக் கோணல் தையல். தைக்கத் தெரியாத யாரோ, அந்தப் பெண் நனையக் கூடாது என்று உட்கார்ந்து தைத்தது.

படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். எல்லோருக்குமாக நீக்குகிற வழி இல்லை. காலம் கடந்திருந்தது. தன்னிடமிருந்து மட்டும் எடுக்கலாம்.

எழுதத் தொடங்கினாள். ‘இரண்டு வருடத்துக்கு முன், மழையில் இறந்த ஒரு பெண்ணின் படத்தை இங்கே போட்டேன். போட்டிருக்கக் கூடாது. உங்கள் போன்களிலிருந்து அதை என்னால் எடுக்க முடியவில்லை. தயவுசெய்து நீங்களே தேடி எடுத்துவிடுங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். இன்று வந்த படத்தில் இருந்தவர் என் கணவர்.’

அனுப்பப்போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அனுப்பினால் அது அவனுடைய போனுக்கும் போகும். மகள் அதைப் போனில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒருத்தி அப்படித் தெரிந்துகொண்டது போதும்.

நாலு பத்துக்கு மகள் வந்தாள். பையை வீசினாள். “என்னம்மா அதிசயமா வீட்ல இருக்க? கடை அக்கா துரத்திவிட்டுட்டாங்களா?” என்றபடியே அப்பாவின் போனை எடுத்தாள். “குட்மார்னிங் சார் என்னமோ போட்டு அழிச்சிருக்காரு. வாடின பூவா?”

“வாலு, இப்படி வந்து உக்காரு.”

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அழாமல். படம் என்றாள், முகம் தெரியாது என்றாள், எடுத்தாகிவிட்டது என்றாள். பட்டனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு அதைப் பாக்க வேண்டாம்மா.”

“வேண்டாம்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். அதை மாதிரி நானும் ஒண்ணு போட்டிருக்கேன். மழையில செத்துப்போன ஒரு பொண்ணு. யாரோட அம்மாவோ.”

மகள் நிமிர்ந்தாள். “அப்போ அப்பா சொல்ற படம் இதுதானா? அந்த நாப்பத்தேழுல இது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சதே இல்ல. உன்கிட்ட கேட்டா நீ அழுவேன்னு கேக்கல.”

போனைத் திருப்பி, தேடாமலேயே அந்த இடத்துக்குப் போய் அழுத்தினாள். பின்னால் லிஃப்ட் கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம். பிறகு அவன்.

“ஏய் ஊசி, அந்தப் படத்தை எடுத்துடு. அந்தப் பொண்ணு வீட்டுல யாராச்சும் பாத்தா? முகத்தை மறைச்சுட்டா ஆச்சா? உன் காலை மட்டும் காட்டினாக்கூட நீதான்னு சொல்லிடுவேன் நான். எடுத்துடு, என்ன?”

அதன் கீழே அவளுடைய பதில், எழுத்தில், அப்படியே இருந்தது. ‘அதான் முகத்தை மறைச்சிருக்கே. வந்துட்டாரு பெரிய நீதிபதி.’

மகள் அதைப் படித்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

அனுப்பாமல் எழுதிவைத்திருந்ததன் கடைசியில் அவள் இன்னொரு வரி சேர்த்தாள். ‘அவர் ஹெல்மெட் போட்டிருந்தார்.’ அனுப்பினாள்.

மகளின் மடியில் அவனுடைய போன் அதிர்ந்தது.