உள்ளே பூட்டிய அறிக்கை

எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் இணையக் களஞ்சியத்துக்கு நான்தான் பொறுப்பு. நாற்பது வருட அறிக்கைகளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். எழுதியவர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஓய்வு பெற்றவர்களின் வீடுவரை போய்க் கையெழுத்து வாங்கியவள் நான். ஒரே ஒரு விஞ்ஞானி மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவர் என் வீட்டுக்காரர்.

நிலக்கடலையில் வேரழுகலைத் தடுக்க, விதையோடு கலக்கும் ஒரு பொடியை மூன்று பருவம் சோதித்தார். தண்ணீர் வடியாத மண்ணில், பொடி போட்ட விதைதான் அதிகம் செத்தது. அந்தச் சோதனை அறிக்கையின் தலைப்பை மட்டும் களஞ்சியத்தில் காட்டி, மீதியை உள்ளே பூட்டி வைத்திருந்தேன்.

"அடுத்த வாரம் புரமோஷன் இன்டர்வியூ. நான் மண்ணைக் கவ்வினதை இப்பப் போய்த் தம்பட்டம் அடிக்கணுமா?"

"மண்ணு ஆராய்ச்சிதானே உங்க வேலை. கவ்வினா என்ன குறைஞ்சு போச்சு?"

சிரித்தார். கையெழுத்து மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை களஞ்சியத்துக்கு ஒரு மின்கடிதம் வந்தது. எழுதியவர் எங்கோ தொலைவில் உள்ள ஒரு கள அலுவலர். "வியாழனன்று இரண்டாயிரம் குடும்பங்களுக்கு விதையோடு இதே பொடியைக் கொடுக்கப்போகிறோம். இங்கும் தண்ணீர் வடியாத மண். உங்கள் அறிக்கையின் தலைப்பு மட்டும் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது?"

என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தட்டச்சு செய்ததே நான்தான். கையெழுத்தில்லாமல் ஒரு வரிகூடச் சொல்லக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை அச்செடுத்து, படிவத்தையும் சேர்த்து, ஆய்வகத்தில் அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படித்தார். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மண்ணுலயா? இந்தப் பொடியையா? ஐயோ, பாதி விதை மொளைக்காதே!"

அவர் பேனா எழுதவில்லை. என் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவே ஏத்து. நாலாவது அட்டவணையை முதல்ல பாக்கச் சொல்லு."

புதன்கிழமை பதில் வந்தது. "பொடியை நிறுத்திவிட்டோம். விதை மட்டும் கொடுக்கிறோம். நன்றி." அதை மூன்று தடவை படித்துவிட்டு, மூக்கிலேயே இருந்த கண்ணாடியை மேஜையில் தேடினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆபீஸாயிற்றே என்று விட்டேன்.

இன்டர்வியூ முடிந்து வந்தவரிடம் வாசலிலேயே கேட்டேன்.

"என்னங்க கேட்டாங்க?"

"எடுத்ததுமே அதுதான். தோத்துப்போன சோதனையை எதுக்கு வெளியில வச்சிருக்கீங்கன்னாங்க."

"நீங்க?"

"அடுத்தவன் வயல்ல தோக்கக்கூடாதுன்னு சொன்னேன்."

முடிவு இன்னும் வரவில்லை. மறுநாள் காலை என் மேஜையில் தூசி படிந்த இரண்டு கோப்புகள் கிடந்தன. இரண்டும் அவர் சொல்லவே சொல்லாத பழைய தோல்விகள். மேலே அனுமதிப் படிவங்கள், கையெழுத்தோடு.