கதவை அளந்தீங்களா, ஆர்லிஸ்?

காப்பிக் கடையில், சர்ச் வாசலில், பெட்ரோல் பங்கில் என்று நான்கு வருடமாக ஆர்லிஸ் ட்வைட்டுக்கு அவள் ஊர்க்காரர்கள் சொல்லும் வணக்கம் ஒன்றுதான்.

"கதவை அளந்தீங்களா, ஆர்லிஸ்?"

சாலைத் துறைக் கிடங்கில் இருபத்தாறு வருடம் பொறுப்பாளராக இருந்தவள் அவள். ஓர் அக்டோபர் மாதம் பதினோரு பனி வாரும் வண்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஐந்து லட்சம் டாலர். ஒவ்வொன்றும் கொட்டகைக் கதவைவிட ஒரு சாண் உயரம். குளிர்காலம் முழுக்க அவை வெளியே நின்றன. பனியை வார வந்த வண்டிகளை ஊர் சனம் மண்வெட்டி கொண்டு பனியிலிருந்து தோண்டி எடுத்தது.

வாங்கச் சொன்னது யார் என்று விசாரணை வந்தது. துறையில் அகப்பட்ட ஒரே காகிதம், 'பதினோரு வண்டி பெற்றுக்கொண்டேன்' என்ற ஆர்லிஸின் ரசீது. போயிற்று வேலை.

"தலைவர் க்ரோக்ஸ்டாட் போன்ல சொன்னாரும்மா, உடனே ஏத்திட்டோம்" என்று வண்டி ஓட்டி வந்தவன் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. காதில் இருப்பதைக் கோப்பில் வைக்க முடியுமா?

துறைத் தலைவராக இருந்த அதே வெண்டல் க்ரோக்ஸ்டாட் இப்போது சட்டசபையில் ஆளுங்கட்சித் தலைவர். ஆர்லிஸும் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், ஐந்து வாரத்துக்கு முன் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரே ஒரு மசோதா. அரசுத் துறை பத்து லட்சம் டாலருக்கு மேல் எதை வாங்கினாலும் யார் கேட்டது, யார் சரி சொன்னது, ஏன் என்று எழுதி, இருபது வருடம் வைத்திருக்க வேண்டும். அது தோற்றால் ஊரில் அந்தக் கேள்வி அவள் கல்லறை வரை கூடவே வரும்.

இன்று வாக்கெடுப்பு.

"முதல் மசோதா இல்லையா, கலாய்ப்பாங்க" என்றார் பக்கத்து இருக்கை டெல்பர்ட் ஹாகே. பீட்ரூட் விவசாயி, ஒன்பது தடவை ஜெயித்தவர். "எல்லாரும் 'வேண்டாம்' பட்டனை அமுக்குவாங்க. பலகை பூரா சிவப்பாயிடும். உன் முகம் வெளுக்கும். அப்புறம் ஆளுங்கட்சித் தலைவர் எழுந்து 'நல்வரவு'ன்னு சொல்வாரு. உடனே எல்லாரும் பச்சைக்கு மாத்திடுவாங்க. பயந்துடாதே."

கலாய்ப்பு தொடங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"உறுப்பினர் அவர்களே, என் பொண்டாட்டி ஒரு சோபா வாங்கினா. ஏன் வாங்கினான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இந்தச் சட்டம் எனக்கு உதவுமா?"

"பத்து லட்சத்துக்கு மேலயா?"

"வெலைய சொல்ல மாட்டேங்கிறா."

"அப்ப உங்களுக்குச் சட்டம் வேணாம், தைரியம் வேணும்."

சபை மேஜையைத் தட்டியது. பிறகு க்ரோக்ஸ்டாட் நிதானமாக எழுந்தார்.

"ஒரே கேள்வி. கதவை அளந்தீங்களா, ஆர்லிஸ்?"

கூரை அதிரச் சிரித்தார்கள். ஆர்லிஸின் காது சுட்டது.

"அளந்தேங்க. ஆனா வண்டி வருதுங்கறதே வண்டி வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும்."

"வாக்களியுங்கள்" என்றார் சபாநாயகர் அம்மா. அறுபது நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பலகையில் தொண்ணூற்று நான்கு பெயர்கள். ஆர்லிஸின் ஒற்றைப் பச்சையைத் தவிர எல்லாம் சிவப்பு. ஐம்பது. நாற்பது. எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு க்ரோக்ஸ்டாட்டைப் பார்த்தார்கள். அவர் மும்முரமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது. அவர் இன்னும் துடைத்தார்.

"எழுந்திருக்க மாட்டேங்கிறானே!" டெல்பர்ட்டின் குரல் உள்ளே போய்விட்டது. "அவன் சொல்லாம யாரும் மாத்த மாட்டாங்க. அதானே வழக்கம். நேரம் முடிஞ்சா பலகை தானா பூட்டிக்கும். விளையாட்டுலேயே கொன்னுடுவான் போலிருக்கே!"

கிடங்குக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே உள்ள விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவாள். பதினோரு நொடி இருக்கும்போது ஆர்லிஸ் எழுந்தாள்.

"சபாநாயகர் அவர்களே, விதி நாற்பத்தேழு!"

கடிகாரம் நின்றது. சபாநாயகர் அம்மா புத்தகத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டிப் புரட்டினார். புருவம் மேலே போனது.

"உறுப்பினர் யாராவது கேட்டால், மசோதாவை எதிர்ப்பவர்கள் ஒவ்வொருவரும் காரணத்தைக் கையெழுத்துடன் சபைக் குறிப்பில் பதிய வேண்டும். கேட்கிறீர்களா?"

"கேக்கறேன்."

மாடத்தில் அரைத் தூக்கத்திலிருந்த இரண்டு நிருபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சும்மா வேடிக்கைக்குன்னு எழுதலாமா?" என்றார் சோபாக்காரர்.

"தாராளமா. அடுத்த தேர்தல்ல உங்க எதிராளி அதையே அச்சடிச்சு வீடு வீடா குடுப்பாரு" என்றார் சபாநாயகர் அம்மா.

சோபாக்காரரின் பெயர் பச்சையானது. அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் மழைக்குப் பின் வயல் மாதிரி பலகை முழுதும். ஒரே ஒரு சிவப்பு மிச்சம்.

க்ரோக்ஸ்டாட் முன்னால் ஒரு தாள் வந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இதுல நான் என்னன்னு எழுதறது?" என்று உறுமினார்.

"அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே, அதையே எழுதுங்க" என்றாள் ஆர்லிஸ்.

நிருபர்களின் பேனா ஓடும் சத்தம் கீழே வரை கேட்டது. க்ரோக்ஸ்டாட்டின் விரல் பட்டனுக்குப் போனது. தொண்ணூற்று நான்கும் பச்சை.

முதல் மசோதாவில் ஜெயித்தவர் மறுநாள் சபைக்கு இனிப்பு ரொட்டி வாங்கித் தர வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆர்லிஸ் எட்டுத் தட்டு வாங்கி வந்தாள். கடைசியாக க்ரோக்ஸ்டாட் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டை எடுத்தார்.

ஆர்லிஸ் ஒரு நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எத்தனை எடுத்தீங்க, ஏன்னு ஒரு வரி. கீழ கையெழுத்து."

அவர் அவளையே முறைத்தார். பிறகு, என்ன தோன்றியதோ, குனிந்து எழுதினார்.

'இரண்டு. பசி. வெ. க்ரோக்ஸ்டாட்.'

நான்கு வருடத்துக்கு முன் கிடைத்திருக்க வேண்டிய கையெழுத்து. ஆர்லிஸ் அதன் மேல் ஊதி மை காயவைத்து, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனதும் காப்பிக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும். இந்தத் தடவை சுவரை முன்னாலேயே அளந்துவிட வேண்டும்.