ஹௌசாபாயின் கழற்சி வேலி

எங்கள் கொங்கண் கரையில் கழற்சி முட்கொடியை யாரும் வேண்டி நட்டதில்லை. அதுபாட்டுக்கு மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும். பெண்பிள்ளைகள் அதன் சாம்பல் நிறக் கொட்டைகளைப் பொறுக்கிவந்து கல்லாங்காய் ஆடுவார்கள். அதை வேலியாக நட்டவள் என் பக்கத்து வீட்டு ஹௌசாபாய்தான்.

அவள் புருஷன் தாமாஜி, தன் தம்பி பிகாஜியின் படகில் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. பிகாஜி மட்டும் கரையேறினான். காற்று மாறியபிறகும் இன்னொரு தடவை வலை போடலாம் என்றவன் அவன்தான் என்று ஊரில் பேச்சு. அவன் மறுக்கவும் இல்லை. காரியம் முடிந்ததும், வழக்கம்போல அவளுடைய தென்னந்தோப்பு வழியாகவே படகைக் கடலுக்கு இழுத்துப் போனான். அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கொட்டைகளை அம்மிக்கல்லில் ஒருபக்கம் தேய்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பியதை மட்டும் எடுத்து மழைக்கு முன்னால் தோப்பின் கடலோரம் நெடுக ஊன்றினாள். ஆடுமாடு கடிக்காமல் காவல் இருந்தாள். சில மழைக்காலம் போனதும் அது ஆள் உயரத்துக்குப் பின்னிக்கொண்டது. தண்டில் முள், இலைக்காம்பில் முள், எல்லாம் கொக்கிபோல வளைந்தவை.

பிகாஜி வந்து நின்றான். "அண்ணி, படகு எந்த வழியாப் போகும்?"

"உன் அண்ணன் போன வழியாப் போகட்டும்."

அவன் திரும்பிப் போய்விட்டான். அதன்பிறகு படகைச் சுற்றுவழியில் இழுத்தான்.

அந்த வருஷம் ஆவணிப் பௌர்ணமிக்கு, கடலுக்குத் தேங்காய் காணிக்கை விட்டுப் படகுகள் இறங்கின. கடலேற்றம் அதிகம். கரையை விட்டு விலகுவதற்குள் பிகாஜியின் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தித் தப்பினார்கள். அவனை மட்டும் அலை தூக்கிவந்து வேலிக்குள் எறிந்தது.

அலறல் கேட்டு ஹௌசாபாய் அரிவாளோடு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவன் திமிறத் திமிற முள் இன்னும் இறுகியது.

"அசையாதே, பிகாஜி. நான் வெட்டறேன்."

"அடுத்த அலை வருது, அண்ணி. நீங்க போங்க."

அவள் போகவில்லை. புடவையும் தோலும் கிழிய உள்ளே புகுந்து வெட்டினாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அலை எங்கள்மேல் அடித்துவிட்டுப் போனது. அவனை வெளியே இழுத்தபோது இடதுகண் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். அங்கே வைத்துத்தான் அவன் சொன்னான்.

"அன்னிக்கு வலை போடலாம்னு சொன்னது நான் இல்ல. அண்ணன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"செத்தவன்மேல பழி போடவா?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றாள்.

வேலியை அவளே வேரோடு தோண்டினாள். விட்ட வேரெல்லாம் துளிர்த்தது. மறுபடி தோண்டினாள். வழி திறந்துவிட்டது. ஆனால் ஒற்றைக் கண்ணால் அலையின் தூரம் தெரியாது என்று பிகாஜி படகை விற்றுவிட்டான். மற்றவர்களின் வலையைத் தைத்துப் பிழைக்கிறான்.

"அவன் சொன்னது நெசமா இருக்குமா?" என்று ஒருநாள் ஹௌசாபாய் என்னிடம் கேட்டாள். அந்தப் படகில் நானா இருந்தேன்?

மீன் சந்தையில் அவன் இன்றைக்கும் "அண்ணி" என்றுதான் கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரமாகிறது.