அடிக்கண்

குதிரைலாட நண்டுக்குப் பத்துக் கண் என்பார்கள். ஓட்டின் இரு பக்கமும் பெரிய கண்கள், நெற்றியில் சில, அடியில் வாய்க்கு அருகே ஒரு ஜோடி. ஒளியை வாங்கும் புரதம் எந்தக் கண்ணில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நண்டின் கண்ணை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவது என் தம்பி. அறையை இருட்டாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் புரதம் உள்ள இடம் பச்சையாக மினுங்கும்.

பக்கக் கண் மினுங்கியது. அடிக்கண் மட்டும் மூன்றாவது தடவையும் கரியாகக் கிடந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஒழுங்கா சாயம் போட்டியா, இல்ல பாட்டு கேட்டுக்கிட்டே ஊத்துனியா?"

"ஒழுங்காத்தான் போட்டேன்க்கா."

"அப்ப சாயமே சொத்தை. இன்னும் நாலு நண்டுக்குச் சொல்லிவிடு."

எங்கள் அப்பாவுக்கு முதலில் அந்திப் பார்வை போனது. அப்புறம் ஓரங்கள் போயின, கடைசியில் எல்லாமே போயிற்று. விழித்திரையில் ஒளி வாங்கும் புரதம் பழுது, பிள்ளைகளுக்கும் வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் மருத்துவர். தம்பி உடனே சோதனைக்குப் போய், தப்பித்தேன் என்று வந்தான். நான் அம்மா ஜாடை, கண்ணும் அம்மாவுடையதுதான் என்று சொல்லித் திரிந்தேன். பயம்தான், வேறென்ன.

தம்பி நகரவில்லை. "வேணாம்க்கா, அதுங்க பாவம். ஒரே ஒரு தடவை கேமராவுல எடுத்துப் பாக்கலாம்."

இந்த அறையில் நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. முதலில் கண், பிறகுதான் கேமரா. கேமராவில் ஒளி அளவைக் கூட்டி வைத்தால் கல்லும் மினுங்கும். கண்ணுக்குப் படாததைப் படம் எடுப்பதில்லை.

"சட்டம் தெரியும்ல?"

"சட்டம் கிடக்கட்டும்" என்று பொத்தானை அழுத்தினான். அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

திரையில் அடிக்கண் வந்தது, ஓரமெல்லாம் பச்சையாக.

"நீ ஏத்தி வச்சுட்டே."

"பக்கக் கண்ணுக்கு வச்ச அதே அளவுதான். மங்கல்தான், ஆனா எனக்கு முதல் துண்டுலயே தெரிஞ்சுதுக்கா, நுண்ணோக்கியிலயே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சாயத்தைத் திட்டினேன், அவனைத் திட்டினேன், நண்டுகளையும் வீணாகக் கொன்றேன்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கினான்.

"என் கண்ணு இப்படின்னு எப்போலருந்துடா தெரியும்?"

"நாலஞ்சு மாசமா. ரெண்டு தடவை ஸ்டூல்ல இடிச்சுக்கிட்டு ஸ்டூலைத் திட்டினே. அதுலருந்து நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஓரமா நகர்த்தி வச்சிடுவேன்."

திரையை அணைத்தேன். இந்தப் பச்சையை இனி பார்க்க முடியாது என்று தோன்றியது. சுற்றிலும் கும்மிருட்டு. அருகில் எங்கோ அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அழாதடா. முதல்ல எழுந்து கதவோரச் சின்ன விளக்கைப் போடு."

"போட்டுட்டுத்தான்க்கா உன் முன்னாடி நிக்கிறேன்."