கம்பவுண்டரின் தொண்ணூறு நாள்

கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சவரிராயன் பதினெட்டு வருஷமாகக் கம்பவுண்டர். மருந்து கலக்குவார், கட்டுப் போடுவார், ஊசி போடுவார். இதெல்லாம் சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் அவர் செய்த வேலை ஒன்று உண்டு. சாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்வது. நல்ல சாவு வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் மாதா கோயிலில் கூடி மன்றாடுகிற நன்மரண சபையில் அவர்தான் மூத்தவர். ஊரில் யாருக்காவது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் பங்குச் சாமியாருக்கு ஆள் போவதற்கு முன்பே அவருக்கு ஆள் வந்துவிடும்.

"பயப்படாதீங்க. ஆண்டவர் கூப்பிடுறாரு. சந்தோசமாப் போங்க" என்பார். குரல் நடுங்காது. சட்டைப் பையில் சின்னப் புட்டி ஒன்றில் தீர்த்தம் வைத்திருப்பார். பிற மதத்தார் யாராவது கடைசி நேரத்தில் கேட்டால் ஞானஸ்நானம் கொடுப்பதற்கு. இப்படி நாற்பது பேரையாவது அனுப்பிவைத்திருப்பார். தனக்குச் சாவு பயம் கிடையாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

1959-ஆம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், உருளைக்கிழங்கு லாரியில் மேல்மலைப் பூண்டியிலிருந்து சின்னக்கருப்பன் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். கூட அவர் மனைவி பொன்னுத்தாய், இடுப்பில் பால்குடி மறக்காத பெண் குழந்தை. ஆவணியில் பூண்டுக் காட்டில் நரி கடித்ததாம். பச்சிலை வைத்துக் கட்டினார்களாம், புண் ஆறிப்போனதாம். இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை.

டாக்டர் இராமலிங்கம் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் நீட்டினார். சின்னக்கருப்பனின் தொண்டை இழுத்துச் சுருங்கியது. கண்கள் பிதுங்கின. டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கதவு திறந்து காற்று மேலே பட்டதற்கும் அப்படியே துடித்தார். டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார். வெறிநோய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தூக்க ஊசி போட வேண்டும். வார்டு ஆள் கந்தவேல் கால்களை அமுக்கிப் பிடித்தான். சவரிராயன் தோளை அழுத்திக்கொண்டு ஊசியை ஏற்றினார். நோயாளி திமிறினார், வாயில் நுரை தள்ளியது. குழந்தையோடு வாசலிலேயே நிறுத்தப்பட்ட பொன்னுத்தாய் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஐந்து நிமிஷம்தான்.

வெளியே வந்து கை கழுவப் போனபோதுதான் சவரிராயன் கவனித்தார். காலையில் மருந்துக் குப்பியை உடைக்கும்போது கண்ணாடி கிழித்து, வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அதைக் காணோம். காயம் திறந்துகிடந்தது. அதன்மேல் எச்சில் பளபளத்தது.

சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவச் சொல்லி, புதுக் கட்டுப் போட்டுவிட்டார் டாக்டர். "மருந்து மதுரையிலிருந்து நாளைக்கு பஸ்ஸுல வந்துரும். பதினாலு ஊசி, வயித்துல போடணும்."

"போட்டா வராதுல்லங்க சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரும்பாலும் வராது. மூணு மாசம் தாண்டிட்டா கவலையில்ல."

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார் சவரிராயன். பெரும்பாலும் என்ற சொல் முள்ளாகத் தைத்தது. எதிர் அறையிலிருந்து சின்னக்கருப்பனின் சத்தம் வந்தது. மனுஷச் சத்தமாகவே இல்லை. இன்னும் ஒரு மாசத்திலோ இரண்டு மாசத்திலோ தான் எழுப்பப்போகும் சத்தம் இதுதானோ என்று தோன்றியது. சேசு மரி சூசை என்று ஜெபத்தை ஆரம்பித்தார். உதடு சொன்னது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. சந்தோசமாப் போ என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த நாற்பது பேரும் தலையை ஆட்டியது நம்பித்தானா, வந்த மனுஷனின் மனம் கோணக் கூடாது என்றா?

கதவு தட்டப்பட்டது. பொன்னுத்தாய் நின்றாள்.

"கம்பவுண்டரய்யா, அவுகளுக்குத் தெளிஞ்சிருக்கு. பேசுறாக. பயமாக் கெடக்கு, யாராச்சும் பக்கத்துல வாங்கங்குறாக. பச்சப்புள்ளய வச்சிருக்கேன்னு என்னை உள்ள விடமாட்டேங்குறாங்க. அந்தக் கால் புடிச்ச ஆளையும் காணோம்."

"நீங்க போங்கம்மா, இந்தா வாரேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். போகவில்லை. அரைமணி நேரம் ஆனது. மருந்து அலமாரியில் எழுதியிருந்த பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார்.

புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன்தோறும் சபைக்காரர்களுக்கு அவர் சொல்லும் கதை ஒன்று அப்போது நினைவில் வந்தது. பிடிபடுவதற்கு முன் சேசுநாதர் பூங்காவனத்தில் முகங்குப்புற விழுந்து கிடந்தது. இரத்தமாக வியர்த்தது. கூட விழித்திருங்கள் என்று மூன்று பேரிடம் கேட்டது. மூன்று பேரும் தூங்கிப்போனார்கள். அலுப்பில் தூங்கினார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தார். இப்போது சந்தேகம் வந்தது. அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். பயந்துபோய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்திருப்பார்கள், இந்த அறையில் தான் கிடக்கிற மாதிரி.

எழுந்து போனார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அறை வாசலில் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. தீர்த்தப் புட்டி. உள்ளே இருக்கிறவருக்குத் தண்ணீரைக் கண்டாலே உயிர் போகிறது. புட்டியை எடுத்து வெளியே ஜன்னல் கட்டையில் வைத்தார். பொன்னுத்தாய் மடியிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"பூம்பாறை வேலப்பர் கோயில் துன்னூறு. பூசிவிடுவீங்களாய்யா? ஒங்க கோயில்ல ஏதும் சொல்வாகளோ?"

சொல்லத்தான் சொல்வார்கள். சவரிராயன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

காற்று வராமல் ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். சின்னக்கருப்பனைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

"யாரு?"

"கம்பவுண்டருங்க."

"செத்துருவேனாய்யா?"

நாற்பது பேரிடம் சொன்ன பதில் தொண்டை வரை வந்து நின்றது. "ஆமாங்க" என்றார்.

சின்னக்கருப்பன் கூரையைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குய்யா."

"எனக்கும்தாங்க." சவரிராயன் கட்டுப் போட்ட விரலைக் காட்டினார். "ஊசி போடும்போது ஒங்க எச்சி பட்டுருச்சு. எனக்கும் வரலாம்."

சிவந்த கண்கள் அந்த விரலையே பார்த்தன. "அப்பத் தள்ளிப் போங்கய்யா. இன்னும் பட்டுறப் போகுது. தள்ளிப் போங்க."

சவரிராயனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தள்ளிப் போகவில்லை. திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். பாதி தலையணையில் கொட்டியது.

"செத்தா எங்கய்யா போவேன்?"

"எனக்கு இப்ப ஒண்ணுதாங்க தெரியுது. பயந்து போறவங்களை அவரு விரட்டமாட்டாரு. அவரும் பயந்தவருதான்."

"யாரு?"

"எங்க சாமி. சாகுறதுக்கு மொதநாள் ரொம்பப் பயந்துட்டாரு. கூட இருங்கன்னு கேட்டாரு. யாரும் இருக்கல."

சின்னக்கருப்பன் அதை யோசித்துப் பார்த்தார். "பாவம்" என்றார்.

அதன்பிறகு அவர் பேசியது கொஞ்சம்தான். பறிக்காமல் கிடக்கிற பூண்டு நனைந்து அழுகிப்போகும் என்றார். மகளுக்கு வடிவு என்று பெயர் வைத்ததைச் சொன்னார். மறுபடி இழுப்பு வந்தது. சவரிராயன் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் தோளைப் பிடித்தபடி இருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் எழுந்து ஓடிவிட வேண்டும் என்றே உடம்பு துடித்தது. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் அடங்கியது. தொற்று நோய் என்று ஊருக்குக் கொண்டுபோக விடவில்லை. அன்றே டவுன் இடுகாட்டில் புதைத்தார்கள்.

மறுநாள் மருந்து வந்தது. பதினாலு ஊசியில் வயிறு கல்லாக வீங்கிப்போனது. அது பெரிதில்லை. காலையில் கண் விழித்ததும் முதல் வாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதுதான் பெரிதாக இருந்தது. டம்ளரைத் தூக்கும்போது கை வேர்க்கும். இறங்கிவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது. நாற்பதாம் நாள் தொண்டை வலித்தது. வெறும் சளிதான், ஆனால் அவர் அழுதுவிட்டார். மனைவி சலேத்தம்மாள் தைரியம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அவர் படுத்திருந்தார். மார்கழியில் நாயுடுபுரத்தில் ஒரு கிழவர் சாகக் கிடந்தபோது ஆள் வந்தது. போனார். சந்தோசமாப் போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த நோய் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் எண்பத்தாறாம் நாள், தை மாதத்தில், பொன்னுத்தாய் குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது அவருக்கு அது தெரியாது.

அவரைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கீகளாய்யா? நல்லாருக்கீகளா?"

"இருக்கேம்மா. ஏன் இப்படிக் கேக்குறீங்க?"

"அன்னைக்கு ஒங்க கைக்கட்டு அவுந்து விழுந்ததை நான் பாத்தேன்யா. அவுக நொரை அதுல பட்டதையும் பாத்தேன். சொன்னா நீங்க கையை விட்டுட்டு ஓடிருவீகளோன்னு வாயத் தொறக்கல. ஒங்களையும் கொன்னுட்டேனோன்னு மூணு மாசமாச் சோறு எறங்கல. வந்து பாக்கவும் பயம்."

சவரிராயனுக்குச் சட்டென்று கோபம் மூண்டது. இந்த எண்பத்தாறு காலைகளும் அதில் இருந்தன. அந்தக் குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது. அவர் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா ஓடித்தான் இருப்பேன்" என்றார். "நீங்க சொல்லாததுதான் நல்லது."

அவளுக்குப் புருஷனைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். இருவரும் இடுகாட்டுக்கு நடந்தார்கள். போகும் வழியில் அந்த அறையில் நடந்ததையெல்லாம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அவர் சொன்னார். இருவருமே பயந்ததைச் சொன்னார். தள்ளிப் போங்கய்யா என்று சின்னக்கருப்பன் சொன்னதைச் சொன்னபோது அவள் நடையை நிறுத்தி, மரத்தில் சாய்ந்து அழுதாள்.

மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. அவள் சூடம் ஏற்றினாள். காற்றில் அது நிற்கவில்லை. மூன்றாவது தடவை சவரிராயன் உட்கார்ந்து தன் வேட்டியால் மறைத்துக்கொண்டார். எரிந்தது.

"ஒங்க சாமிக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா" என்றாள்.

அவர் ஈரப்புல்லில் முழங்காலிட்டு, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். குரல் நடுங்கத்தான் செய்தது. முடிப்பதற்குள் பள்ளத்திலிருந்து மேகமூட்டம் ஏறி மண்மேட்டை மூடிவிட்டது.

"வெரசா வாங்கய்யா, பூண்டி பஸ்ஸு போயிரும்" என்று பொன்னுத்தாய் முன்னால் நடந்தாள். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனார்.